தரையில் படாத பாதம்

"பாம்... பாம்... பாம்!"

பால்வாடி வாசலில் வந்து நின்ற வெள்ளை வண்டி மூன்று தடவை ஹாரன் அடித்தது. மூன்றாவது சத்தம் அடங்குவதற்குள், தலை வாரிக்கொண்டிருந்த பிரின்சி சீப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. தூளிக்குள் குழந்தை இல்லை.

"அண்ணி!"

அடுப்படியில் ஆள் இல்லை. பின்பக்கம் துணி துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கறுப்புக் குடையையும் காணோம். குடை போயிருந்தால் மார்கரெட் தூரமாகத்தான் போயிருக்கிறாள். அதுவும் குழந்தையோடு.

இந்த வண்டிக்காகத்தான் பிரின்சி ஒரு வாரமாகக் காத்திருந்து, இன்று வேலைக்கு லீவும் போட்டிருந்தாள்.

மார்கரெட் அவளுடைய நாத்தனார். புருஷன் ராபர்ட்டுக்கு மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஏழு வருஷம் இருந்து, பிள்ளையில்லாதவள் என்று அத்தனை பேர் வாயிலும் விழுந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிரின்சி கும்மிடிப்பூண்டிப் பக்கம் சார்ஜர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். குழந்தை ரோஸ்மேரிக்கு நாலு மாதம் ஆனதிலிருந்து குளிப்பாட்டுவது, பால் புகட்டுவது, தூங்க வைப்பது எல்லாமே மார்கரெட்தான். ஞாயிற்றுக்கிழமை பிரின்சி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால்கூட, "ஒனக்கு ஒரு நாள்தான் லீவு. போய்ப் படுடி" என்று பிடுங்கிக்கொள்வாள்.

இந்த ஊரில் இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள் என்று பிரின்சி கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அப்புறம் அந்த நேர்த்திக்கடன். ரோசிக்கு ஆறாவது மாதம் நடக்கும்போது மூன்று நாள் விடாமல் காய்ச்சல் அடித்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை. ஏற்கெனவே ஒரு கை அகலம்தான் இருந்தாள். மார்கரெட் மாதா கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரம் முழங்காலில் நின்றுவிட்டு வந்து, வாசலிலேயே நின்று சொன்னாள்: "கொயந்த பொழச்சா, திருவிழா அன்னிக்கு மாதா பீடத்து மேலதான் மொத மொத காலு வைக்கணும்னு நேந்துக்கினு வந்துகீறேன். அதுவரிக்கும் காலு தரையில படக்கூடாது. யாரா இருந்தாலும் சரி."

காய்ச்சல் இறங்கியது. அன்றைக்குத் தொட்டு ரோசி இடுப்பிலும் தூளியிலும் மடியிலும்தான் வளர்ந்தாள். ஏப்ரலில் திருவிழா வந்தபோது மார்கரெட் ஊரில் அம்மை பரவிக் கிடக்கிறது என்று சொல்லி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டாள். மாதாவிடம் வாங்கிய தவணை மாதாவுக்கும் அண்ணிக்கும் உள்ள விஷயம் என்று பிரின்சியும் விட்டுவிட்டாள். இப்போது ரோசிக்குப் பதினாலு மாதம். அதே வயதுப் பிள்ளைகள் தெருவில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தன. "நேர்த்திக் கொயந்த, அதான் இன்னும் நடக்கல" என்று யார் கேட்டாலும் பிரின்சியே பெருமையாகச் சொன்னாள்.

போன புதன்கிழமை வரைக்கும்.

அன்று மார்கரெட்டுக்குக் குளிர்க்காய்ச்சல். பிரின்சி லீவு போட்டுவிட்டு, பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தித் தண்ணீர் ஊற்றினாள். சோப்பு நுரையில் ரோசி வழுக்கினாள். பதறிப்போய் அக்குளில் பிடித்துத் தூக்கியபோது, குழந்தையின் இரண்டு பாதமும் சிமென்ட் தரையில் பட்டன.

பட்ட அந்த நிமிஷத்தில்தான் அது நடந்தது. ரோசியின் கால்கள் இரண்டும் துடுப்புக் கட்டை மாதிரி விறைத்தன. ஒன்றின்மேல் ஒன்று கத்தரிக்கோலாகக் குறுக்கே பாய்ந்தன. குதிகால் தரைக்கு வரவேயில்லை. கட்டை விரல் நுனி மட்டும் தரையைக் குத்திக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டால் மறுபடியும் பின்னிக்கொண்டது.

நேர்த்தியை உடைத்தது யார்? பெற்றவள். தண்டனை யாருக்கு? குழந்தைக்கு.

பிரின்சி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ராபர்ட்டிடம் சொல்லவில்லை. அண்ணியிடம் சொல்ல நாக்கு எழவேயில்லை. பால்வாடி டீச்சர் ஜெபசெல்வியிடம் மட்டும், "கொயந்தைக்குக் காலு வெறப்பா இருந்தா டாக்டர் பாப்பாங்களா டீச்சர்?" என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். "செவ்வாக்கெழம கொயந்தைங்கள பாக்குற வண்டி வருது. கூட்டிக்கினு வா. வுட்டா அடுத்த வண்டி ஆறு மாசம் கழிச்சுத்தான்" என்றாள் ஜெபசெல்வி. இன்று செவ்வாய். வண்டி வந்துவிட்டது. குழந்தையைத்தான் காணோம்.

செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடினாள். ராபர்ட்டுக்குப் போன் போட்டுப் பயனில்லை. மீன் பிடிக்கிற அவர்கள் ஆட்களுக்கு இன்றைக்குப் பாடு. ஏரி கடலில் சேருகிற வாயில் வலை போட அவர்களுக்கு முறை வருகிற நாள். அந்த நாளில் போன் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

மாதா கோயில் பூட்டியிருந்தது. அங்கிருந்து மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்கு ஓடினாள். செல்வம்மாள் உயிர் நண்டுகளின் கொடுக்கைச் சணலால் கட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பிரின்சி, கம்பெனி லீவா? மூஞ்சி இன்னாடி ஏலம் போவாத மடவ மீனு மாதிரி கீது?"

"எங்க அண்ணிய பாத்தியாக்கா?"

"மகாராணி இப்பத்தான் கொட புடிச்சிக்கினு போனா. இடுப்புல உம் பொண்ணு. பேச்சுக் குடுத்தா நிக்கவே இல்ல." செல்வம்மாள் நண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டே பக்கத்துக் கூடைக்காரிகளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "ஏண்டி, ஒங்க வூட்டுக் கொயந்த காலுக்குத் தங்கம் பூசிக்கீதா? கீழயே எறக்க மாட்டன்றீங்க!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் பிரின்சியும் சிரித்துவிட்டு ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று கூடைகளைத் தாண்டிக் கிட்டே போனாள்.

"எந்தப் பக்கம்க்கா போனாங்க?"

"படகுத் துறைக்குத்தான். ஓடு, ஓடு. ஆதிகேசவன் இன்ஜின முடுக்கினான்னா அப்பால நீந்தித்தான் போவணும்."

துறையில் அக்கரைத் தீவுக்குப் போகிற ஃபைபர் படகு கிளம்பத் தயாராக நின்றது. நடுப்பலகையில் மார்கரெட். கறுப்புக் குடை. குடை நிழலில் ரோசி, விரலை வாயில் வைத்துக்கொண்டு கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரின்சி யோசிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி, முழங்காலளவு ஆழத்தில் நின்று படகு முனைக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க அண்ணி?"

"அக்கரையில ஜெபக் கூட்டம். சாயங்காலம் வந்துர்றேன். வுடு கயித்த."

"நேத்து சொல்லவே இல்லியே?"

"எல்லாத்தையும் ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணணுமாடி?"

"டாக்டர் வண்டி வந்துகீது. ரோசியக் காட்டணும்."

"அவங்க இன்னா பண்ணுவாங்க தெரியுமா? மொத வேலையா புள்ளையக் கீழ நிக்க வெச்சுப் பாப்பாங்க. நேர்த்தி இன்னாவறது?"

பின்னால் இன்ஜின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற ஆதிகேசவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "யம்மா, இன்ஜின் கயித்த இஸ்க்கவா வோணாவா? படகுல இன்னும் நாலு பேரு குந்திக்கினு கீறாங்க. ஒங்க பஞ்சாயத்த மண்ணுல வெச்சிக்கோங்க."

"இஸ்க்காதண்ணே," என்றாள் பிரின்சி. "இஸ்த்தா நானும் கூடவே இஸ்த்துக்கினு வருவேன். எம்மேல படகு ஏறினாலும் பரவால்ல."

ரோசி அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். வலது கை மட்டும்தான் நீண்டது. இடது கை முஷ்டியாக நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது. இது புதன்கிழமைக்கு முன்னாலும் இப்படித்தான் இருந்ததா? பிரின்சிக்கு நினைவில்லை. நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

படகின் விளிம்பைப் பிடித்து, மார்கரெட்டின் காதுக்கு அருகே எம்பி, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்: "காலு ஒரு மாதிரி கீது அண்ணி."

மார்கரெட்டின் கையிலிருந்த குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"ராபர்ட்டுகிட்ட?"

"இல்ல அண்ணி. யாருக்குமே தெரியாது."

மார்கரெட் திட்டப் போகிறாள், எப்படிப் பார்த்தாய் என்று கேட்கப் போகிறாள் என்று பிரின்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்கரெட் எதுவுமே கேட்கவில்லை. குடையை மடக்கினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"வா, நானும் வரேன். கொயந்த எங்கிட்டயே இருக்கட்டும். நீ நனஞ்சுகீற."

இரண்டு பேரும் பால்வாடி வாசலுக்கு வந்தபோது வண்டி நின்ற இடத்தில் டயர்த் தடம்தான் இருந்தது. ஜெபசெல்வி எடை பார்க்கிற தொட்டிலைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பிரின்சி நீ! அரை மணி நேரம் நிறுத்தி வெச்சேன். டாக்டரம்மா வாட்ச்ச பாத்துக்கினே இருந்தாங்க. இப்பத்தான் கெளம்பினாங்க. அடுத்து பெரிய ஸ்கூலு. ஒரு மணிக்கு முடிச்சுக்கினு பொன்னேரி பூடுவாங்க."

மணி பன்னிரண்டே கால்.

முச்சந்தியில் ஒரே ஒரு ஷேர் ஆட்டோதான் நின்றது. ஓட்டுபவர் தேவதாஸ். சின்ன வயசிலேயே ஒரு கால் சூம்பி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து நடக்கிறவர். ஊருக்குள் யாரும் வெறும் தேவதாஸ் என்று சொல்வதில்லை. நண்டு தேவதாஸ். அவருடைய கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அப்படித்தான் போட்டிருந்தார்களாம். அவருடைய அம்மாவை ஊர் கடைசிவரை 'நண்டு பெத்தவ' என்றுதான் கூப்பிட்டது.

"பெரிய ஸ்கூலுக்குண்ணே! அவசரம்!"

"ஏறு, ஏறு. நண்டு ஓட்டுனா வண்டி பக்கவாட்டுல பூடும்னு மட்டும் பயப்படாத." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு ஆட்டோவை முடுக்கினார்.

பிரின்சி பாதி நனைந்த சுடிதாரோடு சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோவைத் தானே தள்ளுகிறவள் மாதிரி முன்கம்பியை அழுத்தினாள். மார்கரெட் குழந்தையின் கால்களைத் தன் முந்தானைக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தேவதாஸ் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். ஆட்டோ சவுக்குத் தோப்பைத் தாண்டியது. இறால் குட்டைகளைத் தாண்டியது. எதிரே ஒரு மணல் லாரி வழியை அடைத்து நின்றது.

"ஹாரன் அடிங்கண்ணே!"

"அடிச்சா லாரி பறந்துருமா?"

பிரின்சியே இறங்கி ஓடிப்போய் லாரிக்காரனிடம் கத்தி, ஓரம் கட்ட வைத்துவிட்டுத் திரும்பி வந்து ஏறினாள். மார்கரெட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ வேகம் எங்கேருந்துடி வந்துச்சு ஒனக்கு?"

பிரின்சி மறுபடியும் முன்கம்பியை அழுத்தினாள். நான் உடைத்ததை நான்தான் ஒட்டவேண்டும் என்பதை எப்படிச் சொல்வாள்?

ஸ்கூல் வாசலில் வெள்ளை வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார் டிரைவர். "டாக்டர்! டாக்டர்!" என்று ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்தாள் பிரின்சி. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட டாக்டரம்மா, பிரின்சியின் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

வேப்பமரத்தடி மேடையில் பாய் விரித்தார்கள். மார்கரெட் குழந்தையைக் கீழே வைக்காமல், "நிக்க மட்டும் வைக்காதீங்க" என்று நின்றாள்.

"படுக்கத்தான்மா வைக்கப் போறேன். இப்ப நிக்க வைக்க மாட்டேன்," என்றார் டாக்டர்.

மார்கரெட் பாயில் கிடத்தினாள். ஆனால் பாயை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் ரோசியிடம் ஸ்டெதாஸ்கோப்பை விளையாடக் கொடுத்தார். தொடையை மெதுவாக விரித்துப் பார்த்தார். பாதத்தை மடக்கினார். இடது முஷ்டிக்குள் தன் விரலை நுழைத்துப் பார்த்தார். துண்டைச் சுருட்டி மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறப் போட்டார். ரோசி தலையைத் தூக்கி, ஒரு பிஸ்கட் துண்டைப் பார்த்து வலது கையால் பாயைத் தட்டினாள்.

"கெட்டிக்காரி. எது வேணும்னு நல்லாத் தெரியுது," என்றார் டாக்டர். "தானா உக்கார்றாளா?"

"தலகாணி வெச்சா உக்காருவா டாக்டர்," என்றாள் பிரின்சி.

"தவழ்ந்தாளா?"

"நேர்த்தி இருந்துச்சு டாக்டர். தரையில வுடவே இல்ல."

டாக்டர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, "எத்தனையாவது மாசத்துல பொறந்தா?" என்று கேட்டார்.

"ஏழரை மாசத்துல. பொன்னேரி ஆஸ்பத்திரில. இருபது நாளு கண்ணாடிப் பெட்டில வெச்சிருந்தாங்க."

டாக்டர் காகிதத்தை எடுத்தார். "இங்க பாருங்கம்மா. என்ன நோயின்னு மரத்தடியில நின்னுக்கிட்டு நான் பேர் வைக்க மாட்டேன். தசை ரொம்ப இறுக்கமா இருக்கு. மாவட்ட மையத்துல இதுக்குன்னே ஆள் இருக்காங்க. எப்படித் தூக்கணும், எப்படி உக்கார வைக்கணும், வீட்டுல என்ன பயிற்சி குடுக்கணும்னு உங்களுக்கே சொல்லித் தருவாங்க. இந்த வயசுல மூளை சீக்கிரம் கத்துக்கும். அதனால ஒரு வாரம்கூட வீணாக்கக் கூடாது. பெரும்பாலும் குறைமாசக் குழந்தைங்களுக்கு இது ஆரம்பத்துலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சிருக்கும்." பேனாவைத் திறந்தார். "முக்கியமான கேள்வி. இந்த விறைப்பை முதல்ல எப்பப் பாத்தீங்க?"

பிரின்சிக்கு ஒரு வாரமாக நெஞ்சுக்குள் கிடந்தது உடைந்துகொண்டு வந்தது.

"போன புதன்கெழம டாக்டர். அதுவரிக்கும் நல்லாத்தான் இருந்தா. நான்தான்... குளிப்பாட்டும்போது காலு தரையில பட்டுருச்சு. பட்ட ஒடனே இப்படி ஆயிருச்சு. எல்லாம் என்னாலதான்." முந்தானை இல்லாததால் துப்பட்டாவின் ஈரமுனையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரின் முகம் மாறியது. "போன புதனா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இல்லவே இல்லையா? திடீர்னா வந்துது?"

"ஆமா டாக்டர். திடீர்னு."

"காய்ச்சல்? வலிப்பு? கீழ விழுந்தாளா?"

"இல்ல. தரையில பட்டுது. அவ்ளோதான்."

டாக்டர் எழுத ஆரம்பித்த காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு டிரைவரைப் பார்த்தார். "ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. ஒரு வாரத்துல திடீர்னு வந்ததுன்னா கதையே வேற. இன்னிக்கே சென்னைக்கு அனுப்பித் தலைய ஸ்கேன் எடுக்கணும். மையம், பயிற்சி எல்லாம் அப்புறம்தான்."

டிரைவர் போனை எடுத்தார். ஆட்டோவில் சாய்ந்து நின்ற தேவதாஸ் ஒடிந்து ஒடிந்து நடந்து பக்கத்தில் வந்தார். ஸ்கூல் ஜன்னல்களில் பிள்ளைகளின் தலைகள் முளைத்தன. பிரின்சி ரோசியின் பாதத்தைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாதாவே, என்னை எடுத்துக்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்கரெட் குடையைத் தரையில் போட்டுவிட்டு டிரைவரின் கையைப் பிடித்தாள்.

"போனை வைப்பா," என்றாள். பிறகு பிரின்சியைப் பார்க்காமல், தேவதாஸையும் பார்க்காமல், டாக்டரின் பேனாவைப் பார்த்துச் சொன்னாள்:

"புதன்கெழம இல்ல மேடம், அஞ்சாவது மாசத்துலயே குளிப்பாட்டும்போது பாத்துட்டேன், ஊரு கண்ணுல அந்தக் காலு படக்கூடாதுன்னுதான் தரையில படக்கூடாதுன்னு சொன்னேன், மாதாகிட்ட நான் ஒண்ணும் நேந்துக்கவே இல்ல."